வந்த மரமும் இருந்த பூஞ்சையும்



ஒரு மரத்தை வேற்று நாட்டில் கொண்டுபோய் நட்டால், அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் மர அழுகல் பூஞ்சைகள் அதற்கு எப்படிப் பழகிக்கொள்கின்றன? இன்று நான் பேச வேண்டிய கேள்வி இதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள். பெரும்பாலும் பூஞ்சைக்குப் பழகிக்கொள்ள வேண்டிய தேவையே வருவதில்லை. அதற்கு இலை போட்டுப் பந்தி பரிமாறியவர்கள் நாம்தான். பூஞ்சை உண்மையாகவே மாறிய கதையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ரப்பர் மரத்தைப் பார்த்துவிடுவோம். அந்தக் கதையில் மண்வெட்டி பிடித்த கைகளில் பாதிக்கு மேல் நம்மவர்களுடையவை.

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், பிரேசிலில் தபஜோஸ் ஆற்றுப் பக்கம் சேகரித்த சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தார். ரப்பர் விதை எண்ணெய்ப் பசை உள்ளது, சீக்கிரம் கெட்டுப்போகும். முளைத்தவை ஏறக்குறைய 2,700தான். அவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேர் பிடித்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. பின்னாளில் மலாயாவிலும் இலங்கையிலும் லட்சக்கணக்கான ஏக்கரில் எழுந்த ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள்.

வந்தது விதை மட்டும் என்பதைக் கவனியுங்கள். தாய்மரத்தின் வேரோ மண்ணோ இலையோ கூட வரவில்லை. அதனால் அமேசானில் ரப்பரை வாட்டுகிற இலைக் கருகல் பூஞ்சை கடல் தாண்டவில்லை. அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஹென்றி ஃபோர்டைக் கேட்டால் சொல்லியிருப்பார். 1928-இல் அதே தபஜோஸ் கரையில் ஃபோர்டுலாண்டியா என்று ஒரு ரப்பர் ஊரையே கட்டினார். அங்கே மரங்களை நெருக்கி நட்டதும் கருகல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவி, தோட்டத்தையே மொட்டையாக்கியது. பிறந்த ஊரில் தோப்பாக நிற்க முடியாத மரம் வந்த ஊரில் வரிசை பிடித்து நின்றது.

ஆனால் வந்த ஊரின் மண்ணுக்குள் வேறொன்று இருந்தது. 1904-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, ரப்பர் வேரில் வெள்ளை இழை ஓடும் ஒரு நோயைப் பதிவு செய்தார். தோட்ட முதலாளிகளைக் கண்ட இடத்தில் மடக்கி ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்லி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கிய அதே மனிதர்தான். ரப்பரைப் பரப்பியவரே அதன் நோயையும் முதலில் கண்டார். இலங்கையில் பேராதனையில் இருந்த தாமஸ் பெட்ச், 1911-இல் ரப்பர் மர நோய்கள் பற்றியும் 1923-இல் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். இரண்டிலும் வேர் நோய்க்கு நிறைய இடம் உண்டு. வெள்ளை வேர் நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு இன்றைய பெயர் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ். வெப்பமண்டலக் காடுகளில் எத்தனையோ வகை மரங்களின் வேரில் காலங்காலமாக இருந்துவருகிற ஒன்று அது.

நோய் கண்ட மரத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் சிலர் இருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் இலையின் மினுமினுப்பு போகும். பச்சை மங்கி, இலை தடித்தாற்போல் ஆகி, ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். சில மரங்கள் பருவம் தப்பிப் பூக்கும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கி ஆணிவேரைத் துடைத்துப் பார்த்தால், வெள்ளை இழைகள் பட்டையோடு பட்டையாகத் தட்டையாக ஒட்டிக் கிளை கிளையாகப் பிரிந்து ஓடுவது தெரியும். புதிய முனை பால் வெள்ளை, பழைய பகுதி மஞ்சள். நகத்தால் ஓர் இழையைக் கிளப்பிப் பாருங்கள். அதன் முனைக்கு அடியில் உள்ள பட்டை இன்னும் நன்றாகவே இருக்கும். இழை வேரின் மேற்பரப்பில் முன்னால் ஓடிவிடுகிறது, உள்ளே நுழைந்து கட்டையை அழுகவைப்பது பின்னால்தான் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேலும் இடைவெளி இருக்கலாம். மழைக்காலத்தில் தூரில் அடுக்கடுக்காக ஆரஞ்சு நிறத் தட்டுக் காளான் முளைக்கும், விளிம்பில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கரை இருக்கும். பார்க்க அழகுதான். அது கண்ணில் படும்போது அந்த மரத்தைக் காப்பாற்றும் காலம் போயிருக்கும்.

ஒரு மீட்டர் முன்னால் ஓடுகிற இழைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? போகிற வழியில் அது பட்டையைக்கூடத் தொடவில்லையே. பின்னால், அது புறப்பட்ட இடத்தில், ஒரு கட்டை கிடக்கிறது. காட்டை வெட்டியபோது விட்டுவைத்த அடிக்கட்டையோ, மண்ணுக்குள் மறந்துபோன பருத்த வேரோ, முன் தலைமுறை ரப்பரின் தூரோ ஏதோ ஒன்று. அதைத் தின்று சேர்த்த சத்தைக் கொண்டுதான் பூஞ்சை இழை நீட்டுகிறது, உயிருள்ள வேரின் எதிர்ப்பை முறிக்கிறது. விரல் பருமன் வேர்த்துண்டிலிருந்து கிளம்புகிற இழை பாதியில் சோர்ந்துவிடும். தொடைப் பருமன் கட்டையிலிருந்து கிளம்புவது மரத்தையே சாய்த்துவிடும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டெனிஸ் கேரட் வேர்ப் பூஞ்சைகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவற்றின் சாரம் ஏறத்தாழ இதுதான். பூஞ்சையின் பலத்தைக் கணக்குப் போடும்போது அது எந்த இனம் என்பதோடு, அதன் பின்னால் எவ்வளவு தீனி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி காட்டையும் தோட்டத்தையும் ஒப்பிடுங்கள். மலாயாவின் மழைக்காட்டில் ஒரே இன மரங்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே அபூர்வம். ஒரு மரம் வயதாகிச் சாய்ந்தால் அதன் வேரைப் பங்கு போட்டுக்கொள்ள எத்தனையோ வகைப் பூஞ்சைகள் வரும். ரிஜிடோபோரஸுக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்கு. அதிலிருந்து இழை நீட்டினாலும் அடுத்து நிற்பது வேறு இனம், பல சமயம் வைரம் பாய்ந்த கெட்டி மரம். தோட்டம் போடுகிறவர்கள் செய்ததோ, ஆயிரக்கணக்கான பெரிய மரங்களை ஒரே பருவத்தில் வெட்டிச் சாய்த்துத் தீ வைத்தது. மேலே எரிந்தது, மண்ணுக்குள் வேரெல்லாம் அப்படியே கிடந்தது. அதன் நடுவே ஒரே இனக் கன்றுகளை வேரோடு வேர் தொடும் இடைவெளியில் நட்டார்கள்.

அந்த இனமும் எப்படிப்பட்டது? ரப்பர் கட்டையில் வைரம் கிடையாது. தேக்கு, செங்கல் மரம் போன்றவை தங்கள் நடுக்கட்டையில் பூஞ்சைக்கு ஆகாத வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மலாயாவில் செங்கல் என்று சொல்வது நம் சூளைச் செங்கல் அன்று, இரும்புபோல் கனக்கும் ஒரு மரம். ரப்பர் கட்டையில் அப்படி எதுவும் சேர்வதில்லை, மாறாக மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அறுத்த பலகையை உடனே மருந்து ஏற்றாவிட்டால் சில நாளில் நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும். மரவாடிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சைக்கும் அது தெரியும்.

மர அழுகல் பூஞ்சைகள் பொதுவாக இரண்டு வழியில் வேலை செய்கின்றன. மரத்தின் நார்களை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினையும் செல்லுலோஸையும் சேர்த்துத் தின்று, கட்டையை வெளுத்து நார்நாராக்கி விடுபவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் உருவி, கட்டையைப் பழுப்புக் கட்டிகளாக உதிரவைப்பவை இன்னொரு வகை, அவை பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அதிகம். லிக்னினை உடைக்கும் நொதிகள் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும் என்று 2012-இல் வெளியான ஒரு மரபணுத் தொகுதி ஆய்வு கணித்தது. ரிஜிடோபோரஸ் வெள்ளை அழுகல் வகை. அகன்ற இலை மரங்களின் லிக்னின் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. அமேசானில் பிறந்த ரப்பரின் கட்டையும் மலாயாக் காட்டு மரத்தின் கட்டையும் அதன் நொதிக்கு ஏறக்குறைய ஒரே பண்டம். அப்படியானால் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது?

ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்று பெயர் எழுதிய பூஞ்சை தென்னமெரிக்காவிலும் உண்டு. ரப்பர் பிறந்த கண்டத்தில் அதனால் ரப்பருக்குச் சொல்லும்படியான தொல்லை இல்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ரப்பரை வீழ்த்துகிற பூஞ்சைகளின் மரபணு வரிசையை ஆராய்ந்தவர்கள், அவை அமெரிக்கக் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். பழைய உலகத்துப் பூஞ்சை ரப்பரைத் தின்னக் கற்றுக்கொண்டு பிரிந்ததா என்றால், இல்லை. நூறு நூற்றைம்பது ஆண்டு அதற்குப் போதாது. ரப்பர் கப்பலேறுவதற்கு வெகு காலம் முன்பே அவை பிரிந்துவிட்டன. தன் ஊர்ப் பூஞ்சையோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய மரம், ஒருநாளும் பார்த்திராத ஒரு பங்காளியிடம் வந்து மாட்டிக்கொண்டது.

சரி, தோட்டங்களில் என்ன செய்தார்கள்? நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள், மண்ணைக் கிளறி வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எரித்தார்கள். மலாயாவில் அந்த வேலை பெரும்பாலும் தமிழ்க் கூலிகளின் முதுகில் விழுந்தது. பால்மரக் காட்டைப் பற்றிச் சொல்லும்போது விடிகாலைச் சீவலும் பால் வாளியும் நம் நினைவுக்கு வருகின்றன, வேர் பொறுக்கியவர்கள் வருவதில்லை. 1930-களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த நேப்பர், தோட்டம் முழுக்கக் கிளறுவதை விட்டுவிட்டு, இலையையும் தூரையும் முறை வைத்துப் பார்த்து நோயுள்ள இடத்தை மட்டும் தேடிப்போகும் வழியை வகுத்தார். பிற்பாடு வரிசைகளுக்கு நடுவே படரும் பயறுவகைக் கொடிகளை வளர்த்தார்கள். கொடி மூடிய ஈர மண்ணில் பழைய வேர்கள் சீக்கிரம் மக்கிப்போகும், இழைகள் உண்ணத் தகாத கொடிவேர்களின் மேல் ஓடி வீணாகும். நடவுக் குழியில் கந்தகத்தூள் கலப்பதும் வழக்கத்துக்கு வந்தது. கந்தகம் மண்ணைப் புளிக்கவைக்கும். புளித்த மண்ணில் டிரைக்கோடெர்மா என்னும் இன்னொரு பூஞ்சை செழித்து வெள்ளை இழைகளை அடக்கும்.

இவற்றில் எதுவும் ரப்பர் மரத்துக்கு வைத்தியம் இல்லை, எல்லாமே கட்டைக்குச் செய்த வைத்தியம். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் தேயிலையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் நியாசாலாந்தில், இன்றைய மலாவியில், தேயிலைக்காகக் காடழித்த இடங்களில் ஆர்மில்லேரியா என்னும் வேர்ப் பூஞ்சை செடிகளை வரிசையாகக் கொன்றது. 1930-களில் அங்கே வேலை பார்த்த லீச் என்பவர் ஒரு யோசனை சொன்னார். மரத்தை உடனே வெட்டாதீர்கள், அடியில் சுற்றிலும் பட்டையை உரித்து நிற்கவிடுங்கள் என்றார். இலையில் உண்டான உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். பட்டை போனால் வேருக்கு உணவு வராது. வேர் தன் சேமிப்பிலிருக்கும் மாவுச்சத்தைத் தின்று தீர்த்துச் சாகும். அப்படி வெறுமையான வேரில் ஆர்மில்லேரியாவால் கால் ஊன்ற முடியவில்லை, மற்றப் பூஞ்சைகள் முந்திக்கொண்டன. மரத்தைக் கொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது! வால்பாறைப் பக்கமும் நீலகிரியிலும் நிழல் மரமான சில்வர் ஓக்கை எடுப்பதற்கு முன் பட்டை வளையம் உரிக்கச் சொல்வது இதே கணக்குதான். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தேயிலையும் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்ததே, வேரைத் தின்கிற பூஞ்சைகளோ மலைக்காட்டின் பழைய குடிகள். மூன்று ஊர்க் கதை ஒரு சரிவில் நடக்கிறது.

இனி நான் சொல்வதாகச் சொன்ன கதை. இதில் மரம் ஊர்க்காரன், பூஞ்சைதான் வந்தேறி.

ஐரோப்பாவின் ஊசியிலைக் காடுகளில் ஹெட்டரோபசிடியான் என்றொரு வேரழுகல் பூஞ்சைப் பேரினம் உண்டு. மரம் அழுகுவதால் பூஞ்சை வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், பூஞ்சை வருவதால்தான் மரம் அழுகுகிறது என்று 1870-களில் ஜெர்மானியர் ராபர்ட் ஹார்ட்டிக் நிறுவியதில் இந்தப் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பேரினம் உண்மையிலேயே மரம் பார்த்துப் பிரிந்தது. ஐரோப்பாவில் ஓர் இனம் பைனில், ஒன்று ஸ்ப்ரூஸில், ஒன்று ஃபர் மரத்தில் என்று பங்கு பிரித்திருக்கிறது. வட அமெரிக்காவிலும் அப்படியே. பைனுக்கு இர்ரெகுலாரே என்ற இனம், ஃபர் வகைகளுக்கு வேறொன்று. லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தால் பூஞ்சை மரத்துக்கேற்ப மாறத்தான் செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ரோம் நகருக்குத் தெற்கே கடலோரம் காஸ்டல்போர்சியானோ என்ற இடம், இத்தாலியக் குடியரசுத் தலைவரின் தோட்டம். குடை விரித்தாற்போன்ற பைன் மரங்கள் நிறைந்தது. அங்கே மரங்கள் வட்டம் வட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. பாவ்லோ கோந்தியே, மாத்தேயோ கார்பெலோட்டோ முதலியோர் மரபணுவைப் பார்த்தபோது கிடைத்தது ஐரோப்பிய இனம் அன்று, கிழக்கு அமெரிக்காவின் இர்ரெகுலாரே. 2004-இல் இதை வெளியிட்டார்கள். 1944-இல் ரோமைப் பிடித்த அமெரிக்கப் படை அந்தக் காட்டில் முகாம் போட்டிருந்தது. படையோடு வந்த பதப்படுத்தாத மரப்பெட்டிகளில் பூஞ்சை வந்திருக்க வேண்டும் என்பதே ஏற்கப்பட்ட விளக்கம்.

புது மரத்தைக் கொல்ல அமெரிக்கப் பூஞ்சை கூடுதல் பலம் பெற்றதா? ஆய்வாளர்கள் அமெரிக்க, ஐரோப்பிய இனங்கள் இரண்டையும் பைன் கன்றுகளில் செலுத்திப் பார்த்தார்கள். கொல்லும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இரண்டில் இருந்தது. அமெரிக்கன் அதிக வித்துகளைத் தூவியது, செத்த கட்டையை இன்னும் நன்றாகத் தின்றது. பைனே இல்லாத ஓக் காடுகளிலும் அது குடியேறியதை 2012-இல் கண்டார்கள். அதே ஆண்டு வெளியான இர்ரெகுலாரேயின் மரபணுத் தொகுதி, உயிருள்ள மரத்தில் வாழும் வேலைக்கும் செத்த கட்டையைத் தின்னும் வேலைக்கும் இந்தப் பூஞ்சை வேறு வேறு மரபணுக்களை இயக்குகிறது என்று காட்டியது. ஒன்றில் தேறினால் இன்னொன்றில் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு வியப்பான பகுதி இனிமேல்தான். ஊர்ப் பூஞ்சையும் வந்த பூஞ்சையும் அங்கே கலந்தன. கலப்பில் மரபணுக்கள் பெருமளவு போன திசை, ஐரோப்பிய இனத்திலிருந்து அமெரிக்க இனத்துக்கு. வந்தவன் உள்ளூர்க்காரனின் சொத்தைத் தன் பேரில் எழுதிக்கொண்டான். தானாக மாறுவதற்குப் பல ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியவன், அந்த மண்ணில் ஏற்கெனவே தேறிய மரபணுக்களை அறுபது எழுபது ஆண்டில் கையில் வாங்கிவிட்டான். இதில் எந்த மரபணு அவனுக்கு எந்த அளவு உதவுகிறது என்று கேட்டால், அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கட்டையின் கதை இங்கேயும் விடவில்லை. ஹெட்டரோபசிடியானின் வித்து காற்றில் பறந்து, அப்போதுதான் வெட்டிய பைன் அடிக்கட்டையின் ஈர முகத்தில் விழுந்து முளைக்கிறது. பிறகு வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகிறது. இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு காட்டில் 1950-களில் ஜான் ரிஷ்பெத் இதை நிரூபித்தார். மருந்தும் அவரே கண்டுபிடித்தார். உயிருள்ள மரத்துக்குத் தீங்கு செய்யாத ஃப்ளெபியோப்ஸிஸ் என்ற இன்னொரு மர அழுகல் பூஞ்சையை வெட்டு முகத்தில் தடவிவிட்டால், முதல் பந்தியில் அது உட்கார்ந்துவிடும், மற்றவனுக்கு இலை இல்லை. ஐரோப்பாவில் இன்று மரம் வெட்டும் இயந்திரத்திலேயே அதன் கரைசல் பீய்ச்சும் ஏற்பாடு உண்டு.

பேச்சு முடிந்ததும் ஒருவர் எழுந்து, குமரி மாவட்டத்தில் என் ரப்பர் தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்யப்போகிறேன், என்ன செய்யலாம் என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அங்கே வெள்ளையைவிடப் பழுப்பு வேர் நோய்தான் அதிகம் பேச்சில் அடிபடுகிறது. மண்ணும் கல்லும் வேரோடு ஒட்டிப் பழுப்புச் சட்டை போட்டது போலிருந்தால் அது. தாவரவியலாளர் கோர்னர் 1932-இல் சிங்கப்பூரிலிருந்து விவரித்த பூஞ்சை. இரண்டுக்கும் வழி ஒன்றுதான். மரத்தை வியாபாரியிடம் விலை பேசும்போதே தூரையும் பேசிவிடுங்கள். மேல்கட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு தூரை உங்களுக்கு விட்டுவிட்டுப் போகிற பேரம் மலிவானது இல்லை. நோய்ப்பட்ட மரம் நின்ற இடத்தை இப்போதே கல் நட்டு அடையாளம் வையுங்கள். வெட்டிய பிறகு எல்லா இடமும் ஒன்றுபோல்தான் தெரியும்.

ஏற்றிப் போகிற அந்த ரப்பர் கட்டையில் கணிசமான பகுதி சரக்குப் பெட்டியாகிறது. 1944-இல் ரோமுக்கு வந்ததும் சரக்குப் பெட்டி. 2002-இல் வந்த சர்வதேச விதியின்படி, நாடு கடக்கும் மரப்பெட்டிகளின் கட்டையை நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியோ கோதுமைக் கதிர் முத்திரை குத்த வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் அதைக் காணலாம். அந்தச் சூடு முக்கியமாக வண்டுக்கும் நூற்புழுவுக்கும் வைத்தது. சில மர அழுகல் பூஞ்சைகள் அதைத் தாங்கி மறுபடி வளர்ந்ததை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். சூட்டைக் கூட்டினால் செலவு கூடும் என்று ஏற்றுமதியாளர்கள் சொல்வதும் நியாயம். இதைப் பற்றி ஏற்றுமதித் துறையில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், கேள்வி நேரத்தில் அவர்களை முதலில் பேசவிடுங்கள்.